வாசகர் கேள்வி–பதில்: ஆணியில் மாட்டாத படங்கள்

சென்ற இதழில் தயானிதா சிங்கைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். புது தில்லியில் 1961-இல் பிறந்த இந்த ஒளிப்படக் கலைஞர், படங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, மடக்கி விரிக்கும் தேக்குமர அமைப்புகளைச் செய்து அவற்றுக்கு ‘அருங்காட்சியகம்’ என்று பெயரிட்டிருக்கிறார் என்பதும், புத்தகத்தையே கண்காட்சியாக மாற்றியிருக்கிறார் என்பதும் அந்தக் குறிப்பின் சாரம். வழக்கமாக நான்கைந்து துறைகளில் சிதறி வரும் கடிதங்கள் இந்த முறை அந்த அரைப் பக்கத்தைச் சுற்றியே வந்து குவிந்திருக்கின்றன. பாதிக் கடிதங்களில் கோபமும் இருக்கிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: படம் எடுப்பவர் படம் எடுக்கட்டும், மரவேலையை ஆசாரி பார்க்கட்டும். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் ஒரு நல்ல படம் குறைந்தா போய்விடும்? அதற்கு ‘அருங்காட்சியகம்’ என்ற பெரிய சொல் எதற்கு? (கும்பகோணம் வாசகர்)

ஆணி அடித்து மாட்டுவதால் படம் குறைந்துவிடாது. ஆனால் அங்கேயே நின்றுவிடும் என்பதுதான் அவருடைய குறை. கண்காட்சி திறக்கும் நாளன்று எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்ததோ, மூடும் நாள் வரையில் அந்த இரண்டும் அப்படியே இருக்கும். முடிந்த பிறகு எல்லாம் தாளில் சுற்றப்பட்டு ஏதோ ஒரு கிடங்குக்குப் போகும். விற்றுப்போனது மட்டும் யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவுக்கு மேலே தனியாகத் தொங்கும். பல ஆண்டுகள் பல ஊர்களில் எடுத்த படங்களை ஒன்றோடொன்று உறவாட விட வேண்டும் என்று நினைக்கிற ஒருவருக்கு இந்த ஏற்பாடு போதவில்லை.

அவர் செய்திருப்பது என்ன என்பதை நேரில் பார்த்தால் சட்டென்று விளங்கும். தில்லி சாகேத்தில் உள்ள கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்தில் 2015–16-இல் இவை வைக்கப்பட்டிருந்தபோது நான் போயிருந்தேன். ஆள் உயரத்தைத் தாண்டும் தேக்குப் பலகைகள், கீல் வைத்த மடிப்புத் திரையைப் போல விரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு பலகையிலும் கட்டம் கட்டமாக இடம்விட்டு, சிறிய சட்டமிட்ட கருப்பு-வெள்ளைப் படங்களைச் செருகியிருக்கிறார்கள். கண் மட்டத்தில் இருப்பதை நின்று பார்க்கலாம், முழங்காலுக்குக் கீழே இருப்பதற்குக் குந்த வேண்டும். நான் குந்தி ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பலகையின் மறுபக்கத்தில் இன்னொருவரின் செருப்புக் கால்கள் தெரிந்தன. அவரும் அதே உயரத்தில் வேறொரு படத்துக்காகக் குனிந்துகொண்டிருந்தார். சுவர்க் கண்காட்சியில் எல்லோரும் ஒரே திசையில் வரிசையாக நகர்வோம். இங்கே உள்ளே நுழைகிறோம், சுற்றி வருகிறோம், திரும்பி வந்து முதலில் விட்டதைப் பார்க்கிறோம். பலகைகளைச் சேர்த்தால் ஒரு சிறு அறை, பிரித்தால் ஒரு நடைபாதை, முழுவதும் மடக்கினால் ஓர் அலமாரி.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ஓர் அருங்காட்சியகம் என்ன செய்கிறது? சேகரிக்கிறது, பாதுகாக்கிறது, சேகரித்ததில் ஒரு பகுதியை மட்டும் வெளியே வைக்கிறது, அவ்வப்போது அதை மாற்றுகிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் நாம் பார்ப்பது அங்கே இருப்பதில் ஒரு பங்குதான். தயானிதா சிங்கின் மர அமைப்புகள் இந்த எல்லா வேலைகளையும் தாமே செய்கின்றன. ‘தற்செயலின் அருங்காட்சியகம்’ என்று நாம் சொல்லக்கூடிய ‘மியூசியம் ஆஃப் சான்ஸ்’ என்ற 2013-ஆம் ஆண்டு அமைப்பில் சுமார் 160 படங்கள் உண்டு. அவை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதில்லை. ஒரு பகுதி கட்டங்களில் இருக்கும், மிச்சம் அதே மரத்துக்குள் சேமிப்பில் இருக்கும், நினைத்தபோது வெளியே இருப்பது உள்ளே போகும், உள்ளே இருப்பது வெளியே வரும். காட்சியறை, கிடங்கு, காப்பாட்சியர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்ட பிறகு, அதை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது? கோப்புகளுக்கு ஓர் அருங்காட்சியகம், இயந்திரங்களுக்கு ஒன்று, அறைகலன்களுக்கு ஒன்று, தழுவல்களுக்கு ஒன்று, 1961 முதல் இன்றுவரை என்று காலம் குறித்துச் சிறுமிகளுக்கு ஒன்று என அவை பெருகிவிட்டன. எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு ‘மியூசியம் பவன்’ என்று பெயர். 2013-இல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் இவை வைக்கப்பட்டபோதுதான் வெளியுலகம் இவற்றை முழுமையாகக் கவனித்தது.

ஆசாரி வேலை ஆசாரிக்கே இருக்கிறது, கவலைப்படாதீர்கள். கட்டத்தின் அளவும் கீலின் இடமும் படங்களின் வரிசையை முடிவு செய்கின்றன என்பதால், வடிவமைப்பை மட்டும் அவர் தம் கையில் வைத்துக்கொள்கிறார். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்தவர் அவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கேள்வி: காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். என் கணினியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் திணறுகிறேன். அவர் எப்படித் தேர்கிறார்? (சென்னை மாணவி)

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அவருடைய வேலையின் மையம் கேமராவில் இல்லை, மேசையின் மேல்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

அவர் நெடுங்காலம் பயன்படுத்தியது ஹாசல்பிளாட் என்னும் நடுத்தர வடிவக் கேமரா. அதில் சதுரப் படம் விழும். ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். அந்தச் சுருளை மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ வெட்டி, ஒளிப்படத் தாளின் மேல் நேராக வைத்து வெளிச்சம் காட்டினால், நெகட்டிவின் அளவிலேயே பன்னிரண்டு சிறு படங்கள் ஒரே தாளில் வந்துவிடும். இதைத்தான் காண்டாக்ட் ஷீட் என்கிறோம். பெரும்பாலான கலைஞர்களுக்கு அது ஒரு குறிப்பேடு; அதில் சிவப்புப் பென்சிலால் ஒரு படத்தை வட்டமிட்டுவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவார்கள். இவருக்கோ அதுதான் மூலப்பொருள். சிறு படங்களை வெட்டி எடுத்து, அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி, கையால் ஒட்டிச் சிறு மாதிரிப் புத்தகங்கள் செய்வார். பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கில் 1980-களின் காண்டாக்ட் ஷீட்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரே ஏறெடுத்துப் பார்க்காத படங்கள் அகப்பட்டன. இந்துஸ்தானி இசைக் கலைஞர்களோடு பேருந்தில் பயணம் செய்த நாட்களின் அந்தப் படங்களிலிருந்து ‘தம்புரா அருங்காட்சியகம்’ உருவாயிற்று. 2022-இல் பெர்லினில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தபோது அதுவும் இடம்பெற்றது. எடுத்தபோது அவை தேறாத படங்கள். படம் அப்படியேதான் இருந்தது. பக்கத்தில் வைக்க வேண்டிய படம் பின்னால் வந்து சேர்ந்தது.

அந்தப் பயணங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மாணவியாக இருந்தபோது தபலா மேதை ஜாகிர் உசேனின் கச்சேரியைப் படமெடுக்கப் போனார். அமைப்பாளர்கள் தடுத்த தள்ளுமுள்ளில் கீழே விழுந்தார். அவமானத்தோடு வெளியே வந்தவர், தாமும் ஒருநாள் பெரிய கலைஞராவேன், அப்போது பார்த்துக்கொள்வோம் என்ற பொருள்பட அந்த மேதையிடமே சொல்லிவிட்டார். அதன் பிறகு அவரோடு ஆறு குளிர்காலங்கள் பயணம் செய்யும் வாய்ப்பு அமைந்தது. 1986-இல் அது ஒரு புத்தகமாயிற்று. ஒளிப்படப் பள்ளியில் கற்றதைவிட அந்தப் பேருந்தில் கற்றதே அதிகம் என்பதை அவர் மறைத்ததில்லை. நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஒரு பாடகர் தோடியை நேற்றுப் பாடியது போல இன்று பாடுவதில்லை; ஆனாலும் அது தோடிதான். சுரங்கள் அவைதாம், எதன் பிறகு எது, எதில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் மாறுகிறது. இந்தச் சுதந்திரத்தை ஒளிப்படத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததன் விளைவுதான் அந்த மரப்பலகைகள்.

உங்களுக்கு என் யோசனை: கணினியை மூடிவிட்டு, அறுபது படங்களைத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவில் அச்சிட்டு வெட்டித் தரையில் பரப்புங்கள். வெறும் நாற்காலி ஒன்று, உறங்கும் முதியவர் ஒருவர், பாதி திறந்த கதவு ஒன்று என மூன்று படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதியவர், கதவு, நாற்காலி என்று அடுக்கினால் வீட்டில் ஒரு சாவு நடந்துவிட்டது. நாற்காலி, கதவு, முதியவர் என்று அடுக்கினால் யாரோ வருவதற்காகக் காத்திருந்து ஒருவர் தூங்கிப்போய்விட்டார். ஒரு புள்ளியைக்கூட நீங்கள் திருத்தவில்லை. திரையில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் திரையில் ஒரு படத்தை நகர்த்தினால் மற்றவை தாமாகவே ஒழுங்காக நகர்ந்து இடம் கொடுத்துவிடுகின்றன. தரையில் அப்படி இல்லை. ஒரு படத்தை எடுத்த இடத்தில் பள்ளம் தெரியும், அந்தப் பள்ளம் வேறொன்றைக் கேட்கும்.

கேள்வி: புத்தகமே கண்காட்சி என்று எழுதியிருந்தீர்கள். புத்தகம் புத்தகம்தானே? (நாகர்கோவில் வாசகர்)

நாகர்கோவில்காரர் ஒருவருக்கு இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2008-இல் அவர் வெளியிட்ட ‘சென்ட் எ லெட்டர்’ என்பது ஒரு சிறு துணிப்பெட்டி; அதற்குள் ஏழு குட்டிப் புத்தகங்கள். அலகாபாத், பம்பாய், கல்கத்தா, தேவிகர், வாரணாசி என்று ஊர்ப்பெயர்களைத் தாங்கியவற்றுக்கு நடுவே பத்மநாபபுரமும் ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணிப் பயணத்தில் இருக்கும் அதே மர அரண்மனைதான். ஏழாவது புத்தகத்தின் பெயர் நோனி சிங். அது அவருடைய தாயாரின் பெயர்.

இந்தப் புத்தகங்கள் தைக்கப்பட்டவை அல்ல. ஒரே நீளத்தாளை விசிறிபோல முன்னும் பின்னுமாக மடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் காண்டாக்ட் ஷீட்டில் இருப்பதைப் போன்ற ஒரு சின்னச் சதுரப் படம். உள்ளங்கையில் வைத்துச் சாதாரணப் புத்தகத்தைப் போலவும் புரட்டலாம். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்து மேசையின் மேல் நிறுத்தினால் அது நிற்கும். நின்றவுடன் கண்காட்சி தொடங்கிவிட்டது. கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டிய அளவில், தலைப்பும் விளக்கமும் இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துபோகும் ஒரு குட்டிச் சுவர். நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கி, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதை நிறுத்தி வைத்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் அது லேசாக அசைந்தது. வீட்டில் யாரோ தண்ணீர்க் குவளையை வைப்பதற்காக அதை ஒரு சாண் நகர்த்தினார்கள்; நகர்த்தியதில் கோணம் மாறி, ஒன்றையொன்று பார்க்காமல் இருந்த இரண்டு படங்கள் எதிரெதிராக வந்துவிட்டன. நானே திட்டமிட்டிருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டேன்.

இதன் தொடக்கம் எளிமையானது. யாருடனாவது ஒரு பயணம் போய்வந்தால், அந்தப் பயணத்தின் படங்களை ஒரு மடிப்புப் புத்தகத்தில் ஒட்டி உடன் வந்த நண்பருக்கு அனுப்புவார். இன்னொரு படியைத் தம் வீட்டுச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொள்வார். கடிதம் எழுதுவதற்குப் பதில் செய்த வேலை அது. அவற்றை ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பதிப்பாளர் கெர்ஹார்ட் ஸ்டைடில் அச்சுக்குக் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து செய்த புத்தகங்களின் பட்டியல் நீண்டது. மர அருங்காட்சியகங்களையும் பின்னர் இதே மடிப்பு முறைக்குள் அடக்கி, 2017-இல் ‘மியூசியம் பவன்’ என்ற பெட்டியை வெளியிட்டார்கள். ஒன்பது மடிப்புப் புத்தகங்கள், கூடவே உரையாடல்களைக் கொண்ட ஒரு சிறு நூல். அந்த ஆண்டின் சிறந்த ஒளிப்படப் புத்தகம் என்று பாரிஸ் ஃபோட்டோ–அபெர்ச்சர் விருது அதற்குக் கிடைத்தது. பெட்டியை வாங்கியவர் தம் வீட்டில் ஒன்பது அருங்காட்சியகங்களைத் திறந்து வைக்கலாம், வேண்டாதபோது மூடிவிடலாம்.

இன்னொரு குறும்பும் உண்டு. மேலே சொன்ன ‘மியூசியம் ஆஃப் சான்ஸ்’ அமைப்பின் பெயரிலேயே வந்த புத்தகத்தில் 88 படங்கள். அட்டைகளும் 88 வகை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் ஏதாவது ஒரு படியின் அட்டையாக வந்திருக்கும். எது முகப்பு என்ற கேள்விக்கு அவரிடம் ஒற்றைப் பதில் இல்லை. வாங்குகிறவர் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். அந்தப் புத்தகங்களையே மரச்சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டியும் காட்சி வைத்திருக்கிறார், தோல் பெட்டிகளில் அடுக்கித் தூக்கிச் செல்லும் அருங்காட்சியகமாகவும் ஆக்கியிருக்கிறார். ஆக, கும்பகோணம் வாசகரின் ஆணி ஒருவழியாகப் பயன்பட்டுவிட்டது.

கேள்வி: படத்துக்குக் கீழே யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? இது பார்வையாளரை மதிக்காத செயல் அல்லவா? (திருச்சி, ஓய்வுபெற்ற நூலகர்)

ஒரு நூலகரின் கோபம் எனக்குப் புரிகிறது. ‘ஃபைல் ரூம்’ என்ற 2013-ஆம் ஆண்டுப் புத்தகத்தை நீங்கள் பார்த்தால் கோபம் இன்னும் கூடும், கூடவே கொஞ்சம் கண்ணீரும் வரலாம். இந்திய ஆவணக் காப்பகங்களிலும் அலுவலகங்களிலும் எடுத்த படங்கள் அவை: கூரை வரை ஏறிய இரும்பு அடுக்குகள், துணியில் கட்டி முடிச்சுப் போட்ட கோப்பு மூட்டைகள், பாரம் தாங்காமல் வளைந்த பலகைகள், நடுவே ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு மனிதர் அல்லது அவர் எழுந்துபோன நாற்காலி. எந்த ஊர், எந்தத் துறை என்று ஒரு குறிப்பும் இல்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது. ‘மாவட்டப் பதிவறை, இன்ன ஊர்’ என்று எழுதியிருந்தால், அந்த அலுவலகத்தின் அவலம் என்று படித்துவிட்டு நகர்ந்திருப்போம். எழுதாததால் மூட்டையின் முடிச்சைப் பார்க்கிறோம். அதை யார் கட்டியிருப்பார், எத்தனை ஆண்டுகளுக்கு முன், அவருக்கு மட்டும்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமோ என்றெல்லாம் யோசிக்கத் தொடங்குகிறோம்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. பொருள்களுக்குப் பெயர் இல்லாதது ஒரு விஷயம், மனிதர்களுக்குப் பெயர் இல்லாதது வேறு விஷயம். கோப்புகளின் நடுவே நிற்கும் அந்த ஊழியரின் பெயர் நமக்குத் தெரியாமல் போவதில் எனக்கு உறுத்தல் உண்டு. தொடக்கத்தில் அவர் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக இந்திய வறுமையைப் படமெடுக்கும் செய்திப் பணியில் இருந்தவர். எந்தப் படத்துக்கு எந்தத் தலைப்பு வரும் என்பது எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் அந்தத் தொழிலைச் சலித்து விட்டுவிட்டு வந்தவர் என்பதால், தலைப்பின் மேல் அவருக்கு இருக்கும் பகை எனக்கு விளங்குகிறது. விளங்குவதாலேயே உறுத்தல் போய்விடுவதில்லை.

இதற்கு அவருடைய படைப்பிலேயே மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 1989-இல் தில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் பத்திரிகைக்காகப் படமெடுத்தார். படம் வெளியாவதில் தமக்கு விருப்பமில்லை என்று மோனா சொன்னதும் பிலிமை அவரிடமே கொடுத்துவிட்டார். அங்கிருந்து தொடங்கிய நட்பு மோனா 2017-இல் இறக்கும் வரை நீடித்தது. 2001-இல் வெளிவந்த புத்தகத்தின் பெயரே ‘மைசெல்ஃப் மோனா அகமது’. அதில் உள்ள எழுத்து, மோனா பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். படமெடுத்தவர் தலைப்பு எழுதவில்லை, படத்தில் இருப்பவரே எழுதினார். பெயர் வேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பிலிமா, டிஜிட்டலா? (ஓசூர் வாசகர்)

பெரும்பகுதி பிலிம், பெரும்பகுதி கருப்பு-வெள்ளை. வண்ணத்துக்கு வந்தபோதும் இரவு வெளிச்சத்தில் பகலொளிப் பிலிமைப் போட்டு, மின்விளக்குகள் தரும் விசித்திர நிறங்களைத் திருத்தாமல் விட்டுவிட்டார். ‘ட்ரீம் வில்லா’ படங்கள் அப்படி வந்தவை. 2022-இல் அவருக்குக் கிடைத்த ஹாசல்பிளாட் விருது கேமராவுக்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரிலிருந்து வரும் கடிதங்கள் கடைசியில் கேமராவில்தான் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் கல்யாண ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஆல்பத்தைப் பிரித்து அடுக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். உங்கள் கலைஞரின் சோதனையில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா? (திருநெல்வேலி வாசகர்)

இருக்கிறது, ஆனால் அதைப் பழைய பெட்டியில்தான் தேட வேண்டும். எங்கள் வீட்டில் 1970-களின் ஆல்பம் ஒன்று உண்டு. கருப்பு அட்டைத் தாள், ஒவ்வொரு தாளுக்கும் நடுவே சிலந்தி வலைக் கோலம் போட்ட மெல்லிய தாள், படத்தின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொள்ளும் முக்கோண மூலைகள். அந்த மூலைகளிலிருந்து படத்தை உருவி எடுக்கலாம். எடுத்தார்கள். பெண் பார்க்க அனுப்ப ஒரு படம் போயிற்று. அந்த இடத்துக்குக் காதுகுத்துப் படம் ஒன்று வந்தது. மணவறைப் படத்துக்குப் பக்கத்தில் யாரென்று தெரியாத ஓர் இளைஞர் சைக்கிளோடு நிற்கிறார். அவர் எப்படி அங்கே வந்தார் என்று விசாரித்தால் வீட்டில் இன்றும் பேச்சு மாறிவிடும். ஐம்பது ஆண்டுகளாக அந்த ஆல்பம் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, திருத்தியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

நீங்கள் இப்போது கொடுக்கும் கரிஸ்மா ஆல்பத்தில் இது முடியாது. பக்கம் முழுவதும் ஒரே அச்சு. மணமக்களின் முகம் நடுவில், பின்னணியில் ரோஜாவும் அருவியும், ஓரத்தில் ஆறு சிறு படங்கள். எல்லாமே ஸ்டூடியோவின் மேசையில் முடிவாகி, கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டு வருகின்றன. உழைப்பை நான் குறை சொல்லவில்லை. வாங்கியவருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தயானிதா சிங்கும் வீட்டு ஆல்பத்திலிருந்து வந்தவர்தாம். தாயார் நோனி சிங் ஓயாமல் குடும்பத்தைப் படமெடுத்தவர், எடுத்ததை அடுக்கிப் பாதுகாத்தவர். அந்தப் படங்கள் பின்னால் தனிப் புத்தகமாகவே வந்தன. ‘ஆவணக் காப்பாளர்’ என்ற பொருள் தரும் தலைப்பு அதற்கு. மகளின் மர அருங்காட்சியகத்தை, முக்கோண மூலைகளை எடுத்துவிட்டுத் தேக்குச் சட்டம் போட்ட ஒரு பெரிய குடும்ப ஆல்பம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குக் கரிஸ்மாவோடு கூடவே, பின்பக்கம் தேதி எழுதிய இருபது தனிப் படங்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். செலவு பெரிதாக ஆகாது. சண்டைக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: தேக்கு, ஜெர்மன் அச்சு, லண்டன் கேலரி. கடைசியில் இது பணக்காரர்களின் விளையாட்டுதானே? (மதுரை வாசகர்)

மர அமைப்புகளைப் பொறுத்தவரை மறுக்க மாட்டேன். அவற்றை வாங்கவும் வைக்கவும் பெரிய நிறுவனங்களால்தான் முடியும். வைத்த பிறகு வேறொரு சிக்கலும் வருகிறது. படங்களின் வரிசை மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தப் படைப்பின் உயிர்; ஆனால் தன் சேகரிப்பில் உள்ள ஒரு பொருளைத் தொட்டு மாற்றுவது எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்கும் எளிதான காரியம் இல்லை. கலைஞர் இருக்கும்வரை அவர் வந்து மாற்றுவார். அதன் பிறகு யாருக்கு அந்தக் கை? சுவரிலிருந்து தப்பிக்கச் செய்த மரமே நாளைக்கு ஒரு சுவராகிவிடலாம்.

புத்தகங்களில் அந்தச் சிக்கல் குறைவு. விலை நமக்கு அதிகம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கில் அச்சாகும் ஒரு பொருள் ஒற்றை அச்சுப் படத்தைவிடப் பல மடங்கு மலிவு, இரவல் கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம். கேலரியில் விற்கும் ஒற்றைப் படத்தையே கலை என்று கருதும் சந்தையில், ஆப்செட்டில் அச்சான புத்தகத்தை அதே மரியாதையோடு முன்வைப்பது சின்ன முரண்டு அல்ல.

நுழைவுச்சீட்டே இல்லாத கண்காட்சி ஒன்றும் அவர் வைத்திருக்கிறார். ‘சென்ட் எ லெட்டர்’ வெளியான 2008-இல், அந்த ஏழு மடிப்புப் புத்தகங்களையும் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக் கடையின் கண்ணாடிக் காட்சிப் பேழைக்குள் விரித்து நிறுத்தினார். அட்டிகையும் வளையலும் வைக்கிற இடத்தில் பத்மநாபபுரத்துத் தூண்கள் நின்றன. கேலரிக்குள் காலெடுத்து வைக்கத் தயங்குகிறவரும் கடைக் கண்ணாடி முன் நிற்கத் தயங்க மாட்டார். பேருந்துக்கு நிற்பவர், மழைக்கு ஒதுங்கியவர், நகை விலை பார்க்க வந்தவர் என்று யார் வேண்டுமானாலும் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்க்கலாம். கடை மூடிய பிறகு உள்ளே விளக்கு எரிந்தால் அப்போதும் பார்க்கலாம்.